யாஸ்னயா போல்யானா: கிராமமா, பண்ணையா, டால்ஸ்டாயின் வீடா?

பழைய_பெட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அப்பா விட்டுப்போன ரஷ்ய மொழிபெயர்ப்புப் புத்தகங்களை இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தூசி தட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். டால்ஸ்டாய் பற்றி வரும் முன்னுரை எல்லாவற்றிலும் யாஸ்னயா போல்யானா என்ற பெயர் இருக்கிறது. ஒன்றில் அது அவர் பிறந்த கிராமம். இன்னொன்றில் அவருடைய பண்ணை. வேறொன்றில் அவர் வீட்டுக்கே அதுதான் பெயர் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். மேப்பில் தேடினேன். துலா என்ற நகரத்துக்குத் தெற்கே பச்சையாக ஒரு திட்டு, அதில் சில குளங்கள், ஓரமாகக் கொஞ்சம் வீடுகள். அந்த வீடுகளில் இருப்பவர்கள் யார்? டால்ஸ்டாய்க்கு முன்னால் அங்கே ஏதாவது இருந்ததா? அவர் உடல் ரயிலில் வந்து இறங்கிய இடத்தை 'ஸஸேக்கா' என்கிறார்கள். அது தனி ஊரா? தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒருவரி_ராஜா எழுதியது:

அது அவருடைய எஸ்டேட். இப்போது மியூசியம். அவ்வளவுதான்.

துலா_டாக்டரம்மா எழுதியது:

ஒருவரி ராஜா அண்ணா, நீங்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்னைத் தூங்கவிடாது. அதனால் நைட் டியூட்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துலாவில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தேன். இப்போது திருநெல்வேலிப் பக்கம் வேலை. யாஸ்னயா போல்யானா துலாவிலிருந்து பன்னிரண்டு, பதினாலு கிலோமீட்டர். மார்ஷ்ருத்காவில் ஏறினால் (நம் ஊர் ஷேர் ஆட்டோவை வேன் அளவுக்கு இழுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்) அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை போவதற்கு அதைவிட மலிவான இடம் எங்களுக்குக் கிடையாது. முதல் தடவை டால்ஸ்டாயைப் பார்க்கப் போனேன். அப்புறம் போனதெல்லாம் அந்தக் காட்டுக்காக.

பழைய பெட்டி, டால்ஸ்டாயைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு முதலில் காட்டைப் பார்ப்போம். காடு புரிந்தால்தான் அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும்.

மாஸ்கோவிலிருந்து நேர் தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் துலா. அந்த வட்டாரத்தில்தான் வடக்கத்திக் காடு முடிந்து தெற்கத்திப் புல்வெளி தொடங்குகிறது. கோடு கிழித்தாற்போல முடியாது. ஓக், லிண்டன், ஆஷ், மேப்பிள் என்று இலை அகன்ற மரங்களாக ஒரு பட்டை வரும், அதைத் தாண்டினால் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் கிரிமியாவிலிருந்து தாத்தார் என்ற இனத்தாரின் குதிரைப்படை வரும். அவர்கள் வந்த வழிக்கு முராவ்ஸ்கி தடம் என்று பெயர். பெரெகோப் பூசந்தியில் தொடங்கித் துலா வரைக்கும் மேட்டு முதுகின் மேலேயே ஏறி வருகிற தடம் அது. மழைத்தண்ணீர் அந்த முதுகிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து வேறு வேறு ஆறுகளுக்குப் போய்விடும். அதனால் முதுகிலேயே வருகிறவனுக்குப் பெரிய ஆறு எதையும் கடக்கிற வேலை இல்லை. குதிரை நனையாமல் துலா வாசல் வரை வந்துவிடலாம்.

மாஸ்கோக்காரர்கள் அதற்குக் கோட்டைச்சுவர் கட்டவில்லை, காட்டையே சுவராக்கினார்கள். மரத்தை ஆள் உயரத்தில் வெட்டுவார்கள், முழுக்கத் துண்டிக்க மாட்டார்கள். அடிமரம் கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்க, கிளையோடு தலை தெற்கே பார்த்து விழ வேண்டும். வரிசையாக இப்படிச் சாய்த்துப் போட்டால் குதிரை உள்ளே நுழைய முடியாது. இழுத்துப் போடவும் முடியாது, அடி இன்னும் விடவில்லையே. வெட்டிச் சாய்ப்பது என்ற வினையிலிருந்து வந்த சொல்தான் நீங்கள் கேட்ட ஸஸேக்கா. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி ஒரு அரண். 1566ல் பெருங்கோடு முடிந்து, இவான் மன்னனே வந்து பார்வையிட்டான். ஐந்தே வருஷத்தில், 1571ல், அந்தத் தாத்தார்களின் மன்னன் கான் தெவ்லெத் கிரேய் அதைச் சுற்றிக்கொண்டு போய் மாஸ்கோவையே கொளுத்திவிட்டான். அது வேறு கதை.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், காடு அரண் என்பதால் அதில் ஊர்க்காரன் யாரும் விறகு வெட்டக் கூடாது, பாதை போடக் கூடாது. சுற்றிலும் உழுது தீர்த்துவிட்ட பிறகும் அந்தப் பட்டை மட்டும் தப்பித்தது அப்படித்தான். இன்றைக்கும் துலாவைச் சுற்றி இருக்கும் பழைய ஓக் காட்டுக்கு ஸஸேக்கா என்றுதான் பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் உண்டு. ரயில்வே ஸ்டேஷன் இருக்கும் துண்டு கோஸ்லவா ஸஸேக்கா. ஆக, உங்கள் ஸஸேக்கா ஊர் இல்லை, காட்டின் பெயர். மாஸ்கோ–கூர்ஸ்க் ரயில் பாதை 1868ல் வந்தபோது ஸ்டேஷனுக்கும் ஒட்டிக்கொண்டது.

இப்போது ஊர்ப்பெயரைப் பாருங்கள். போல்யானா என்றால் காட்டுக்கு நடுவே மரமில்லாத திறந்த இடம். யாஸ்னயா என்பதற்கு 'வெளிச்சமான' என்று பொருள் சொல்வார்கள். இல்லை, ஆஷ் மரத்துக்கு ரஷ்ய மொழியில் 'யாசென்', அதிலிருந்து வந்தது என்பார்கள். பக்கத்தில் யாசென்கா என்று ஓர் ஆறும் இருக்கிறது, அதற்கும் ஒரு கட்சி உண்டு. எந்தக் கட்சி ஜெயித்தாலும் சரி, அது அரண்காட்டுக்குள் ஒரு திறப்பு. திறப்பு என்றால் காவல் வேண்டும். 1652ல் இந்த நிலம் கார்த்ஸெவ் என்ற குடும்பத்துக்குப் போன செய்திதான் ஆவணத்தில் ஊர் தலைகாட்டும் இடம். எழுத்தாளர் பிறப்பதற்கு 176 வருஷம் முன்னால்.

அப்புறம் எல்லை தெற்கே நகர்ந்துவிட்டது. பெல்கொரத் பக்கம் புதிய அரண் வந்ததும் இங்கே காவலுக்கு வேலை இல்லை. காவல் நிலம் சாதாரணப் பண்ணை நிலமானது. 1763ல் வல்கோன்ஸ்கி பிரபு வாங்கினார். அவர் மகன் நிக்கொலாய் வல்கோன்ஸ்கி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து உட்கார்ந்த பிறகுதான் நாம் போட்டோவில் பார்க்கிற யாஸ்னயா போல்யானா உருவாகிறது. வாசலில் இருக்கும் உருண்டையான இரண்டு வெள்ளைக் கோபுரங்கள், மேடேறிப் போகும் பிர்ச் சாலை, லிண்டன் தோப்பு, அடுக்கடுக்கான குளங்கள் எல்லாம். அவருடைய மகள்வழிப் பேரன்தான் டால்ஸ்டாய், பிறந்தது 1828ல். வீடு, பண்ணை, எழுத்தாளர் எல்லாம் அந்த ஊருக்குப் பின்னால் வந்தவர்கள்.

கிராமம் அந்தக் கோபுரங்களுக்கு வெளியே இருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்கள் அந்தப் பக்கம் முகத்தையே திருப்புவதில்லை. அதுபற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, வார்டு வரை போய்விட்டு வருகிறேன்.

பழைய_பெட்டி எழுதியது:

டாக்டர், நான் கேட்டது ஒரு டம்ளர் தண்ணீர், நீங்கள் கிணற்றையே காட்டிவிட்டீர்கள்! சீக்கிரம் வாருங்கள். ரஷ்யக் கதைகளில் கிராமத்துக்கு இரண்டு சொல் வருகிறதே, ஸெலோ, திரெவ்னியா. யாஸ்னயா போல்யானா இதில் எது?

துலா_டாக்டரம்மா எழுதியது:

வந்துவிட்டேன். நல்ல கேள்வி, இதற்குப் பதில் எனக்கு வாடகைக்கு ரூம் கொடுத்த பாட்டியிடமிருந்து கிடைத்தது.

ஒருநாள் நான் போல்யானாவை ஸெலோ என்று சொல்லிவிட்டேன். பாட்டி கையில் இருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டுத் திருத்தினாள். கோயில் இருந்தால்தான் ஸெலோ. கோயில் இல்லாவிட்டால் அது எவ்வளவு பெரிசாக இருந்தாலும் திரெவ்னியாதான். போல்யானாவில் கோயில் இல்லை. 'கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்று எங்கள் ஊரில் சொல்வோம் என்றேன். அதற்கு, அவர்களுக்கு நடந்து போகக் கால் இருந்தது என்றாள்.

உண்மைதான், நடந்து போனார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொச்சாக்கி என்ற இடத்தில் நிக்கொலாய் புனிதர் கோயில் இருக்கிறது, பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போல்யானாக்காரர்கள் அங்கேதான் போக வேண்டும். ஆண்டைக்கும் அதே கோயில்தான். டால்ஸ்டாயின் அம்மா அப்பா அங்கே புதைக்கப்பட்டவர்கள். மனைவி சோஃபியாவும் 1919ல் அங்கேதான் போனார். டால்ஸ்டாய் மட்டும் இல்லை. 1901ல் திருச்சபை அவரை விலக்கிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டபடியே காட்டுக்குள், ஒரு பள்ளத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். சிறுவயதில் அண்ணன் நிக்கொலாய் எல்லோரையும் சந்தோஷமாக்குகிற ரகசியத்தை ஒரு பச்சைக் குச்சியில் எழுதிப் புதைத்து வைத்திருப்பதாகச் சொல்லி ஏமாற்றிய இடம் அது. அந்தக் காட்டுத் துண்டின் பெயர் ஸ்தாரி ஸக்காஸ். மரம் வெட்டத் தடை போட்ட பழைய காடு என்று அர்த்தம். மறுபடியும் காடுதான், பார்த்தீர்களா?

அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஆவ்ராக் என்பார்கள். மத்திய ருஷ்ய மேட்டு நிலத்தின் மண் இளகினது. பனி உருகும்போது ஓடுகிற தண்ணீர் அதைக் கீறிக் கீறி ஆழமான ஓடைப்பள்ளமாக்கிவிடும். மேட்டில் நின்று பார்த்தால் நிலம் சமமாகத்தான் தெரியும், பத்தடி நடந்தால் காலடியில் பள்ளம். இரண்டாம் வருஷம் ஏப்ரலில் குறுக்கு வழி என்று நினைத்து இறங்கி, முழங்கால் வரை சேற்றில் மாட்டி, ஒரு ஷூவை அங்கேயே காணிக்கையாக விட்டுவிட்டு வந்தேன். பண்ணையின் குளங்களெல்லாம் இந்தப் பள்ளங்களில் தண்ணீரைத் தேக்கியதுதான். வழிகிற தண்ணீர் வரோன்கா என்ற சின்ன ஆற்றுக்குப் போய், அங்கிருந்து உபா, ஓக்கா, கடைசியில் வோல்கா. கோடையில் வரோன்காவில் குளித்திருக்கிறேன். நம் தாமிரபரணி வாய்க்கால் ஒன்றின் அகலம்கூட இருக்காது.

சரி, கிராமத்து ஜனங்கள். 1861 வரைக்கும் இவர்கள் பண்ணையடிமைகள். 1847ல் சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டபோது டால்ஸ்டாய்க்கு நிலத்தோடு முந்நூற்றுச் சொச்சம் ஆண் அடிமைகளும் வந்தார்கள். கணக்கில் ஆண்களை மட்டும்தான் எண்ணுவார்கள். வயது பத்தொன்பதுகூட ஆகாத பையனுக்கு முந்நூறு ஆட்கள் சொத்து. அந்தப் பையன் சூதாடி. தான் பிறந்த பெரிய வீட்டையே 1854ல் பிரித்து எடுத்துக்கொண்டு போக விற்றுவிட்டார், அந்தக் காசு சீட்டாட்டத்தில் போனது. வாங்கியவர் மரத்தைக் கழற்றிக்கொண்டு போய் வேறு ஊரில் கட்டிக்கொண்டார். இன்று மியூசியமாக இருப்பது அந்த வீட்டின் பக்கக் கட்டடம். நடுவே வெறும் இடத்தில் ஒரு கல் கிடக்கிறது, அதைச் சுற்றி மரங்கள். வருகிறவர்கள் "பெரிய மனுஷன் வீடு இவ்வளவு சின்னதா" என்று ஆச்சரியப்படுவது அதனால்தான்.

1859ல் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடி கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். 1862ல் அவர் ஊரில் இல்லாத சமயம் போலீஸ் வந்து பள்ளிக்கூடம், வீடு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுச் சோதனை செய்தது. கிடைத்தது ஒன்றுமில்லை.

இன்னொன்று சாலை. மாஸ்கோவிலிருந்து துலா வழியாகக் கீவ் போகும் நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. கீவ் மடத்துக்கு நடந்தே போகும் யாத்திரைக்காரர்கள் மூட்டையோடு இந்த வழியாக வருஷம் முழுக்கப் போவார்கள். பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. டால்ஸ்டாய் அவர்களோடு சாலையில் நின்று பேசிக்கொண்டிருப்பார். அவர் கதைகளில் வரும் நாடோடி, பிச்சைக்காரன், முதியவன் எல்லாம் அந்தச் சாலையில் போனவர்கள்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. தாத்தார் குதிரை வந்த அதே மேட்டு வழி, அப்புறம் யாத்திரை வழி, இப்போது லாரி வழி.

குறள்_பித்தன் எழுதியது:

டாக்டர் அம்மா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு நூல் இழை இருக்கிறது. 1908 டிசம்பரில் தாரக்நாத் தாஸ் என்ற வங்காளிக்கு டால்ஸ்டாய் எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறள் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. ஆறு குறள், எல்லாம் இன்னாசெய்யாமை அதிகாரம். 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' அதில் உண்டு. காந்தி லண்டனில் இருந்தபோது அந்தக் கடிதம் கைக்குக் கிடைத்து, குஜராத்தியில் மொழிபெயர்த்தார்.

துலா_டாக்டரம்மா எழுதியது:

ஐயா, ஆறு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு இது தெரியாது. வெட்கமாக இருக்கிறது. அடுத்த முறை பாட்டிக்கு போன் செய்யும்போது இதைச் சொல்லித்தான் பெருமை அடிக்கப் போகிறேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1910 நவம்பரில் அவர் அஸ்தாப்பவா ஸ்டேஷனில் இறந்து, உடல் ரயிலில் கோஸ்லவா ஸஸேக்கா வந்தது. அங்கிருந்து நாலு கிலோமீட்டருக்குள்தான். பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதிரியார் இல்லை, கோயில் சடங்கு இல்லை. முன்னால் ஒரு துணிப் பதாகை. அவருடைய நன்மையை மறக்க மாட்டோம் என்று எழுதி, கீழே 'யாஸ்னயா போல்யானாவின் அநாதையான விவசாயிகள்' என்று போட்டிருந்தது. கிராமம் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதாக எனக்குத் தெரிந்த ஒரே இடம் அது.

1921ல் பண்ணை அரசு மியூசியமானது. அவர் பிறந்து நூறு வருஷம் ஆன 1928ல் ஊருக்குப் பெரிய கல் கட்டடத்தில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1941 அக்டோபர் கடைசியில் ஜெர்மன் படை வந்தது. சாமான்களில் பெரும்பகுதியை அதற்கு முன்பே பெட்டி பெட்டியாகக் கட்டி ரயிலேற்றிவிட்டார்கள், அவை சைபீரியாவில் தோம்ஸ்க் வரை போய்ச் சேர்ந்தன. துலாவைப் பிடிக்க வந்த டாங்கிப் படையின் தளபதி குதேரியன் போல்யானாவில் முகாம் போட்டார். துலா விழவில்லை. 45 நாள் கழித்துப் போகும்போது வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள், மியூசியத்து ஆட்கள் ஓடிவந்து அணைத்தார்கள். டால்ஸ்டாய் கல்லறைக்குப் பக்கத்திலேயே தங்கள் சிப்பாய்களைப் புதைத்திருந்தார்கள். பின்னால் அவற்றைத் தோண்டி இடம் மாற்றினார்கள்.

தாத்தாரிடமும் ஜெர்மன்காரனிடமும் தப்பித்த காட்டை அடுத்து வந்தது ஒரு கைபார்த்தது. தெற்கே ஷ்யோகினோவில் எழும்பிய ரசாயனத் தொழிற்சாலையின் புகையில், 1960களிலும் 70களிலும் பண்ணையின் ஊசியிலை மரங்கள் கருகின, ஓக்குகள் பட்டுப்போயின. வடக்கே துலா வழியில் கசாயா கரா இரும்பாலை, அது 1897லிருந்தே இருக்கிறது. மார்ஷ்ருத்கா அதைத் தாண்டும்போது கண்ணாடியை மூடு என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கத்துவார்.

இன்றைய கிராமம் எப்படி என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான கிராமம் என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் சட்டத்தில் பூ வேலைப்பாடு செய்த பழைய மரவீடு ஒன்று, பக்கத்திலேயே ஆளுயரத் தகர வேலி போட்ட மாஸ்கோக்காரன் பங்களா ஒன்று. தெரு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்த கேஸ் குழாய் தரைக்கு மேலேயே ஓடும், வாசல் வந்தால் மட்டும் வளைவு போல மேலேறி இறங்கும். ஓரத்தில் கை வைத்து அழுத்துகிற தண்ணீர்க் குழாய். செப்டம்பரில் பாட்டிமார்கள் சாலையோரம் வாளி வாளியாக ஆப்பிள் வைத்து விற்பார்கள். அந்தோனவ்கா என்ற ரகம், புளிப்பு, வாசனை ஒரு ரூமையே நிரப்பும். சனிக்கிழமை கல்யாணக் கோஷ்டிகள் கார் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். மணப்பெண் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் கல்லறை வரை நடந்து போய்ப் பூ வைத்துவிட்டு வருவாள். அங்கே சிலுவை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, புல் முளைத்த ஒரு நீள மேடு மட்டும். பேசக் கூடாது என்பதால் அதுவரை ஆட்டம் பாட்டமாக வந்த கூட்டம் திடீரென்று செருப்புச் சத்தம் மட்டுமாகிவிடும்.

ஒருவரி_ராஜா எழுதியது:

'அவ்வளவுதான்' வாபஸ்.

பழைய_பெட்டி எழுதியது:

அக்கா (இனி டாக்டர் என்று கூப்பிட மனம் வரவில்லை), நான் ஒருநாள் போனால் எப்படிப் போவது நல்லது?

துலா_டாக்டரம்மா எழுதியது:

தம்பி, மார்ஷ்ருத்கா வேண்டாம். முடிந்தால் கோஸ்லவா ஸஸேக்கா ஸ்டேஷனில் இறங்கு. பழைய காலத்து மாதிரியே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஓக் காட்டு வழியாகவே பண்ணைக்கு நடந்து போகலாம், 1910ல் அவரைத் தூக்கிக்கொண்டு போன திசை அது. கோபுரம் வந்ததும் நேரே டிக்கெட் கவுன்டருக்குப் போகாதே, முதலில் எதிர்ப்பக்கம் கிராமத்துக்குள் ஒரு நடை போய்விட்டு வா. செப்டம்பர் கடைசி நல்லது, ஆப்பிள் கிடைக்கும். ஏப்ரலில் போனால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் பள்ளத்தில் இறங்காதே. அங்கே ஒரு இடது கால் ஷூ கிடைத்தால் அது என்னுடையது, சைஸ் 37.